கீழே இறக்கிய உலக்கை

போலகம், காரைக்கால்
25-9-1953

சிரஞ்சீவி தியாகராசனுக்கு, இரண்டு மா நிலத்துக்கும் ஒற்றைக் கொம்பு எருமைக்கும் ஏகச் சக்கரவர்த்தியான உன் மாமா தெட்சிணாமூர்த்தி வாழ்த்தி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்தைக் கேட்கத்தான் பேனா தயங்குகிறது.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அன்றிலிருந்து எனக்குப் பொய் வரவில்லை மாப்பிள்ளை. டீக்கடையில் மீரா சாகிப், என்னங்க, பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தா மருமகன் இன்னைக்கு எத்தனை விமானம் சுட்டாரு என்று கேட்கிறார். நான் டீயை ஆற்றிக்கொண்டிருக்கிறேன். ஜுரமா என்று கழுத்தைத் தொட்டுப் பார்க்கிறார்.

அவர் பயப்படுவதும் நியாயந்தான். போன வருஷம் சைகோனிலிருந்து எழுதினாயே, இலேசு மிஷின் துப்பாக்கிக்கு முக்காலி போட்டு, நடுவில் ஆள் உயரக் கம்பம் மாட்டி, வானத்தைப் பார்க்க நிறுத்தியிருக்கிறோம், எதிரிக்கு விமானமே கிடையாது, காக்கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று. அந்த நாலு வரியை வைத்து நான் டீக்கடையில் நாற்பது விமானம் வீழ்த்தினேன். ஒன்று கடலில் விழுந்த வேகத்தில் மண்டபத்தூர்க் கட்டுமரமெல்லாம் தென்னை மரத்தில் ஏறிக்கொண்டது என்றுகூடச் சொன்னேன்.

உன் அம்மா அஞ்சுகத்துக்கும் விளங்கட்டும் என்று மூன்று மூங்கிலைக் கட்டி, நடுவில் கம்பு நட்டு, அதன் தலையில் அவள் உலக்கையை ஏற்றிக் கொல்லையில் நிறுத்தினேன். அண்ணாந்து பார்த்தாள். மேலேதானே அண்ணே சுடுறான், மேலே யாரும் இல்லையே என்றாள். யாரும் இல்லை என்றேன். நீ போன பிறகு அன்றைக்குத்தான் அஞ்சுகம் இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு நெல் குத்தக்கூட அதை இறக்க மனசு வராமல் நம் நடவுக்கு வரும் அல்லி வீட்டு உலக்கையை இரவல் வாங்கினாள்.

இப்போது நீ எழுதியிருப்பதை அப்படியே திருப்பி எழுதுகிறேன். நான் சரியாகப் படித்தேனா என்று பார். வடக்கே மாற்றிவிட்டார்கள். கம்பத்தைக் கழற்றிவிட்டோம். முக்காலியைத் தாழ்த்தி வரப்பில் ஊன்றினோம். குழல் தரையிலிருந்து ஒரு முழம். எதிரே நடவு நடந்துகொண்டிருந்தது. சுடச் சொல்லி உத்தரவு வந்தது. அம்மாவுக்குப் படிக்க வேண்டாம் மாமா.

அதற்குக் கீழேயே, தீபாவளிக்கு வேட்டி எடுக்கட்டுமா என்று கேட்பதுபோல ஒரு வரி. மார்ச்சோடு தவணை முடிகிறது, இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள், போடட்டுமா என்று.

ஒரு முழம் என்பது எனக்கு விளங்கவில்லை. விளங்காததைச் செய்து பார்க்கிற புத்தி என்னுடையது. நேற்று நம் வயலில் சம்பா நடவு. கொல்லையில் இருந்ததைப் பிரித்து, மூங்கிலைக் குட்டையாக வெட்டி வரப்பில் ஊன்றி, உலக்கையைக் கிடத்திக் கட்டி, குப்புறப் படுத்து அதன் வழியே பார்த்தேன்.

தலைகள், மாப்பிள்ளை. குனிந்து நடுகிறவர்களுக்குத் தலை அங்கேதான் வருகிறது. எட்டுத் தலை. வலது கோடியில் உன் பழைய காக்கித் துண்டைச் சுற்றிக்கொண்டு உன் அம்மா.

என்னால் எழுந்திருக்க முடியவில்லை. அதற்குள் அவர்கள் பார்த்துவிட்டார்கள். இன்னைக்கு என்ன வேஷங்க என்று கேட்டுக்கொண்டே அல்லி வந்தாள். நடவின்போது வரப்பில் வருகிறவர்களை மறிப்பார்களே, அந்த வழக்கப்படி ஒரு நாற்று முடியை உலக்கைக்கு நேர் எதிரே வைத்து, வெத்திலைக்குக் காசு கொடுத்துட்டு எழுந்திரிங்க என்றாள். மற்றவர்களும் உலக்கையின் வாய்க்கு நேரே வந்து நின்றுகொண்டு சிரித்தார்கள். அஞ்சுகம் சிரிக்கவில்லை. மேலே இருந்ததை ஏண்ணே கீழே இறக்கினீங்க என்று கேட்டாள்.

நாற்பது விமானம் வீழ்த்திய வாயால், கண்ணில் சேறு பட்டுவிட்டது என்றேன். அவள் போய் மறுபடி குனிந்தாள்.

சாயங்காலம் வந்து உலக்கையைக் கழுவி உள்ளே வைத்தாள். உன் கடிதத்தைப் படிக்கச் சொல்லவில்லை. அவனை வரச் சொல்லி எழுதுங்க என்றாள், அவ்வளவுதான்.

உன்னை அந்த உடுப்புக்குள் தள்ளியது என் வாய். அதே வாயால் கேட்கிறேன், கையெழுத்துப் போடாதே. சக்கரவர்த்தியின் ஆணை என்று எழுதத்தான் ஆரம்பித்தேன். வேண்டாம், வெறும் மாமன் கேட்கிறேன். மார்ச் வரைக்கும் அந்தக் கம்பத்தை மறுபடி மாட்டிக்கொள்ள ஏதாவது வழியிருந்தால் மாட்டிக்கொள். வானத்தில் ஒன்றும் இல்லாவிட்டால் போகிறது. காக்கையைப் பார்த்துக்கொண்டிரு.

அடுத்த நடவுக்கு நீ இங்கே இருக்க வேண்டும். வரப்பில் உன்னை மறித்து நாற்று முடி வைப்பார்கள். ஓடிவிடாதே. நான் பக்கத்தில் நிற்கிறேன்.

அங்கே குனிந்திருக்கிறவர்கள் நிமிர்ந்து வீடு போய்ச் சேரட்டும். நீயும் வந்து சேர்.

உன் மாமன்,
தெட்சிணாமூர்த்தி