உன் கணக்கில் இன்னொரு தங்கை

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம். நீயும் அண்ணியும் நலமாக இருக்க வேண்டும். அண்ணிக்குக் கால் வீக்கம் வடிந்ததா என்று அம்மா கேட்கச் சொன்னாள். உப்பைக் குறைக்கச் சொல், ஒருக்களித்துப் படுக்கச் சொல் என்று என்னைப் பிடித்துவைத்துக்கொண்டு சொல்கிறாள், பிள்ளை என் வயிற்றில் இருப்பது போல.

போன் வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். போனில் நீ ஒன்று சொல்ல, நான் ஒன்று சொல்ல, கடைசியில் யார் முதலில் வைத்தது என்பதே தனிச் சண்டையாகிவிடுகிறது. கடிதத்தில் நான் முடிக்கும் வரை நீ குறுக்கே பேச முடியாது.

விமானக் கம்பெனி உனக்கு அனுப்பியிருக்கும் படிவத்தைப் பற்றித்தான். விமானத்தில் போய்ப் போய், இலவச டிக்கெட்டுக்கென்று நீ சேர்த்த பாயிண்டுகளை நீயே கொடுத்தாயா, இல்லை, யாராவது திருடி டிக்கெட் போட்டார்களா என்று கேட்டிருக்கிறார்கள். திருட்டு என்று கையெழுத்துப் போட்டால் பாயிண்டு எல்லாம் கணக்குக்குத் திரும்பிவிடும், பிரசவத்துக்கு அம்மாவை அழைக்க நீ போட்டுவைத்த டிக்கெட்டும் தப்பிக்கும் என்கிறாய். "ஒரு கையெழுத்துதானே, யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்டாய். யாருக்கு என்று நீ பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

அன்று காலை விமான நிலையத்தில் என் கவுண்டரில் கூட்டம். அந்தப் பெண் வரிசையில் நிற்கும்போதே தெரிந்தது, முதல் தடவை விமானம் ஏறுகிறவள் என்று. பாஸ்போர்ட்டைத் துணியில் சுற்றி மார்போடு அணைத்திருந்தாள். பெட்டியை எடையில் வைக்கச் சொன்னால் தானும் ஏறி நிற்கப் போனாள். பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். பாஸ்போர்ட் எண்ணைத் தட்டியதும் என் திரையில் சிவப்புக் கட்டம் வந்தது. பயணியை ஏற்றாதே, விசாரி என்று அர்த்தம். கீழே, டிக்கெட் யாருடைய பாயிண்டில் எடுத்தது என்ற இடத்தில் உன் பெயர். உறவு என்ற இடத்தில் தங்கை என்று இருந்தது.

எனக்குத் தெரியாமல் உனக்கு ஒரு தங்கை இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சூப்பர்வைசர் வந்துவிட்டார். டிக்கெட் யார் எடுத்துக் கொடுத்தது என்று கேட்டார். "எங்க அண்ணன் சார்" என்றாள். உன் பெயரையும் பிழையில்லாமல் சொன்னாள். உன் பாயிண்டை டிக்கெட்டாக்கி விற்கிற ஜெராக்ஸ் கடைக்காரர் அப்படிச் சொல்லச் சொல்லிப் பாடமாக்கி அனுப்பியிருக்கிறார். அண்ணன் என்ன வேலை செய்கிறார், எங்கே இருக்கிறார் என்று அடுத்த கேள்வி வந்தது. அதை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. பாஸ்போர்ட் சுற்றியிருந்த துணியை விரலில் சுருட்டினாள். பிறகு என்னைப் பார்த்தாள். நானும் பெண்தானே, எடுத்துக்கொடுப்பேன் என்று நினைத்திருப்பாள். பதில் என் தொண்டை வரை வந்தது. மெஷின் ஃபிட்டர், ஊர் ஊராகப் போய் ரிப்பேர் பார்க்கிறவர், முதுகில் பெல்ட் கட்டாமல் உட்கார முடியாது. எல்லாம் எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

அவளை ஓரமாக அழைத்துப்போய், போலீஸை வரவழைத்துப் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். விமானம் போய்விட்டது. பெட்டியை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள்.

எப்படி மாட்டியது என்று நீ கேட்டாய். ஏழு பேருக்கு, ஒரே கடையின் ஒரே கம்ப்யூட்டரிலிருந்து, ஒரே கணக்கில் டிக்கெட் போனால் மாட்டாமல் என்ன செய்யும்? இரண்டு பேருக்குத்தான் விற்கச் சொன்னேன், மற்றதெல்லாம் அந்த ஆள் எனக்குத் தெரியாமல் விற்றது என்கிறாய். இருக்கலாம். ஆனால் பாஸ்வேர்டை அவர் கையில் கொடுத்தது யார்? வீட்டுச் சாவியைத் தெருவில் போகிறவனிடம் கொடுத்துவிட்டு ஒரு அறையை மட்டும் திற என்றால் கேட்பானா? இதில் இன்னொன்று, அந்தப் பெண் நீ விற்கச் சொன்ன இரண்டு பேரில் ஒருத்தியா, அவர் விற்ற ஐந்து பேரில் ஒருத்தியா என்று உனக்கே தெரியாது. தெரியாமலேயே திருட்டு என்று எழுதப் போகிறாய்.

கம்பெனிக்காரன் யோக்கியன் என்று நான் சொல்ல வரவில்லை. அவனிடம்தான் சம்பளம் வாங்குகிறேன், அவன் லட்சணம் எனக்குத் தெரியும். இதே பாயிண்டை வங்கிகளுக்கு மூட்டை மூட்டையாக விற்கிறான். அதற்குப் பெயர் வியாபாரம். பெரிய அதிகாரிகளின் மனைவிமார்கள், அவர்கள் நாய்க்குட்டி உட்பட, அதே பாயிண்டில் முன்வரிசையில் போகிறார்கள். நான்தான் புன்னகையோடு வழியனுப்புகிறேன். அதற்குப் பெயர் மரியாதை. இரவெல்லாம் நடு சீட்டில் முடங்கி, இறங்கிய கையோடு ஸ்பானரைப் பிடிக்கிறவன் நீ. உன் முதுகு தேய்ந்து சேர்ந்த பாயிண்டை நீ நாலு பேருக்கு விற்றால் மட்டும் மோசடி. உறவுக்காரருக்குச் சும்மா கொடுக்கலாம், விற்கக் கூடாது, விற்றால் கணக்கையே முடக்குவோம் என்று கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் போட்டிருக்கிறான். இந்த நியாயத்தை நீ எந்த மேடையில் கேட்டாலும் உன் பக்கத்தில் நான் நிற்பேன்.

ஆனால் நீ கம்பெனியிடம் கேட்கவில்லையே. கம்பெனி உன் தலையில் வைத்ததை இறக்கி, இன்னும் கீழே இருக்கிறவள் தலையில் வைக்கப் பார்க்கிறாய்.

அவள் யார் தெரியுமா? ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்பு மாற்றுகிறவள். புருஷன் வெளிநாட்டில் கட்டட வேலைக்குப் போய்ச் சாரத்திலிருந்து விழுந்துவிட்டான். காலை எடுக்க வேண்டும் என்று அங்கிருந்து சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவசரத்துக்கு எங்கே விசாரித்தாலும் டிக்கெட் விலை மலை போல இருக்க, ஜெராக்ஸ் கடையில் பாதி விலைக்குக் கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தள்ளுபடி டிக்கெட் என்றுதான் நினைத்து வாங்கியிருக்கிறாள். அண்ணன் என்று சொல்லச் சொன்னதுகூட, கடைக்காரர் பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரி, "கேட்டா இப்படிச் சொல்லும்மா, சீக்கிரம் விட்டுடுவாங்க" என்றாராம்.

அவள் புருஷனுக்குக் கால் எடுத்தாகிவிட்டது. கூட யாரும் இல்லை. சம்மதக் கையெழுத்தை அவனே போட்டானாம்.

நான் போய்ப் பார்த்தேன். மூன்று குடும்பத்துக்கு ஒரு குழாய் இருக்கிற இடத்தில் ஒரு அறை. சுவரோரம் அந்தப் பெட்டி இன்னும் பிரிக்காமல், எங்கள் கம்பெனி ஒட்டிய சீட்டோடு நிற்கிறது. போலீஸ் விசாரணை என்று கேள்விப்பட்டதும் ஆஸ்பத்திரியில் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். நான் யார் என்று சொன்னேன். திட்டுவாள், துடைப்பத்தை எடுப்பாள் என்றுதான் போனேன். அவள் எழுந்து எனக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"பாஸ்போர்ட்டு திரும்பக் கிடைக்குமாக்கா? அது கிடைச்சாப் போதும். காசு போனாப் போவுது."

கிடைக்கும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் அது உன் கையில் இருக்கிறது. நீ கொடுத்தது என்று எழுதினால் அவள் ஏமாந்தவள், பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிடுவார்கள். திருட்டு என்று எழுதினால் அவள் திருடி, வழக்கு நடக்கும். அது முடிவதற்குள் அவள் புருஷன் ஒற்றைக் காலோடு அங்கேயே கிடப்பான்.

அலுவலகத்தில் நான் சொல்லிவிட்டேன். அந்தக் கணக்கு என் அண்ணனுடையது என்று மறுநாளே சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னேன். விற்றாரா என்று கேட்டார். அவரிடமே கேளுங்கள் என்றேன். என்னைக் கவுண்டரிலிருந்து எடுத்து, காணாமல் போன பெட்டிகளுக்குப் பதில் சொல்கிற அறையில் போட்டிருக்கிறார்கள். ஜன்னல் இல்லாத அறை. வருகிறவர்கள் எல்லாம் திட்டிக்கொண்டேதான் வருகிறார்கள். பழகிவிடும். இதை உன்மேல் பழி போட எழுதவில்லை, வேறு யார் மூலமாவது உனக்குத் தெரியக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

உனக்கு என்னென்ன போகும் என்பதும் எனக்குத் தெரியும். இத்தனை வருஷப் பாயிண்டும் போகும். இனி அந்த விமானத்தில் ஏற்ற மாட்டோம் என்றாலும் என்பார்கள். உன் முதலாளி அதில்தான் அனுப்புகிறார், ஏற முடியாத ஃபிட்டரை எதற்கு வைத்துக்கொள்வார்? அண்ணி நிறைமாதம். தெரியாத ஊரில், பக்கத்தில் ஒரு பெண் துணை இல்லாமல் அவள் படப்போகும் பாட்டை நினைத்தால் எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. சுலபமான காரியத்தைச் செய்யச் சொல்கிறேன் என்று நினைக்காதே.

அம்மாவிடம் சொல்லாதே என்றாய். சொல்லிவிட்டேன். அவள் பயணத்துக்கு எடுத்து வைத்த பெட்டி கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அவன் சின்னப் பிள்ளையா, அவனுக்குத் தெரியாதா என்று முதலில் எனக்குத்தான் திட்டு விழுந்தது. அப்புறம் அண்ணியின் பிரசவத் தேதியை விரல் விட்டு எண்ணினாள், அழுதாள், முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "அந்தப் பொண்ண எறக்கி விட்டுட்டு, நான் மட்டும் எப்படிடி ஏறிப் போறது?" என்றாள். கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்து, பிள்ளைக்குத் தைத்து வைத்த சட்டைகளை மட்டும் தனியாக எடுத்தாள். அந்தப் பக்கம் வருகிறவர் யாரிடமாவது கொடுத்தனுப்பச் சொன்னாள். விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

அண்ணிக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆகட்டும். தாயும் பிள்ளையும் சுகமாக இருக்கட்டும். உன் முதுகு வலி குறையட்டும். இந்த வாரத்துக்குள் படிவத்தை அனுப்ப வேண்டும் என்றாய். அனுப்பிவிட்டு எனக்கு ஒரு போன் செய். என்ன எழுதினாய் என்று நீ சொல்ல வேண்டாம், நானும் கேட்க மாட்டேன். அண்ணி எப்படி இருக்கிறாள், அங்கே மழையா வெயிலா என்று மட்டும் பேசு. உன் குரலிலேயே எனக்குத் தெரிந்துவிடும்.

என்றும் அன்புடன்,
உன் தங்கை