பட்டுப்புழுவுக்குச் சாம்பிராணி காட்டிய வகுப்பு

என் தங்கக் கண்ணு அமுதா,

இன்றைக்கு உன் அக்கா நான் புழுவைக் கையில் ஏந்தினேன்! பல்லியைப் பார்த்தாலே நாற்காலிமேல் ஏறும் கணக்கு டீச்சர், வெறுங்கையில் ஏந்தினேன். சில்லென்று, மெத்தென்று இருக்கிறதே, ஏன் ஒருநாளும் சொல்லவில்லை நீ?

நீ போனபிறகு, நீ பாடம் நடத்திய அறிவியல் அறையிலிருந்த புழுத் தட்டுகளை எடுத்துவிடப் பார்த்தார்கள். "படத்தைக் காட்டி நடத்துனாப் போதாதுங்களா?" என்றார் தலைமையாசிரியை. எனக்கு வந்ததே கோபம்! நான் வளர்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன். "சரிங்க, இந்த ஒரு தடவை. செத்துப்போச்சுன்னா நிறுத்திக்கலாமுங்க" என்றார்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் மல்பெரி இலை போடப் போட, தூறல் விழுவதுபோல் தின்னும் சத்தம் கேட்டது. எல்லாம் நன்றாகத்தான் போனது, நேற்று வெள்ளிக்கிழமை வரை. வீட்டில் தன் அம்மா செய்வதுபோல, நந்தினி தட்டுக்கெல்லாம் பக்தியாகச் சாம்பிராணி காட்டிவிட்டாள். புழுவுக்குப் புகை ஆகாதே! மதியம் பார்த்தால் ஒன்றும் தின்னவில்லை. தலையைத் தூக்கியபடி அசையாமல் கிடந்தன.

"ஏனுங்க மிஸ், நான் கொன்னுபோட்டனுங்களா?" என்று அழுதாள் நந்தினி. எனக்கும் அழுகை வந்தது. உன்னை மறுபடியும் பறிகொடுத்ததுபோல் இருந்தது, கண்ணு.

செத்துவிட்டதென்று தட்டை வெளியே கொட்டப் போனேன். பிள்ளைகள் விடவில்லை. ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டு, "இருங்க மிஸ், நாளைக்கு வந்து பாத்துப்போடலாமுங்க" என்றார்கள்.

இன்றைக்கு லீவு. ஆனாலும் காலையில் வகுப்பே வந்து நின்றது, கலர் சட்டையில்! லென்ஸோடு குனிந்த நந்தினிதான் முதலில் கத்தினாள்: "மிஸ், சட்டையைக் கழட்டுதுங்க!"

தோலுரிப்பு, அமுதா! அதற்கு முன்னால் புழு தின்னாது, அசையாது என்று புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறதாம். பரீட்சைக்கு அதை எழுதி மார்க் வாங்கிய பிள்ளைகளே கண்ணால் பார்த்ததும் சாவென்று பயந்துவிட்டார்கள். புகையில் நாலைந்து போய்விட்டன. மற்றதெல்லாம் நெளிந்து நெளிந்து பழைய தோலை விட்டு வந்தது. நாங்கள் போட்ட கூச்சலில் வாட்ச்மேன் ஓடிவந்தார். அந்தச் சந்தோஷத்தில்தான் நந்தினி ஒன்றைத் தூக்கி என் கையில் வைத்தாள்.

நீ இருந்திருந்தால் சாம்பிராணிக்குத் திட்டியிருப்பாயா, இல்லை, என் முகத்தைப் பார்த்துச் சிரித்திருப்பாயா?

தலைமையாசிரியைக்குப் போன் செய்தேன். "தட்டு அங்கேயே இருக்கட்டுமுங்க" என்று சொல்லிவிட்டார். இவை கூடு கட்டி, பூச்சியாகி, முட்டையிடும்வரை பார்த்துக்கொள்வேன். அந்த முட்டை பொரிந்தாலும் நான்தான் இலை போடுவேன். உன் அறை காலியாக இருக்காது, அமுதா.

பல்லிக்கு இன்னும் பயப்படும்,
உன் அக்கா