மேனகாவின் தட்டு

மார்ச் 4

கல்லூரியில் புதிய ஆய்வகத்துக்கு அன்பழகன் பெயரை வைக்கப்போகிறார்களாம். வைக்கட்டும். அவனுக்குப் பேர் வாங்கித் தந்தது, நோயில் உடல் உருகுவதைப் பற்றி அவனும் நானும் சேர்ந்து செய்த ஆய்வு. பட்டினியில் மெலிந்தவனுக்குச் சோறு போட்டால் உடம்பு தேறும். நோய் உருக்குகிற உடம்பு எவ்வளவு போட்டாலும் தேறாது. இரண்டும் வேறு என்று முதலில் கண்டது நான். விருது வாங்க மேடை ஏறியது அவன் மட்டும். அன்றிலிருந்து பேச்சில்லை.

மார்ச் 6

அன்பழகனின் மனைவி மேனகா போன் செய்தாள். அவனுக்குக் கணையத்தில் புற்றுநோயாம். "அவரேதான் ஒங்களக் கூப்புட சொன்னாருண்ணா."

ஆக, மன்னிப்புக் கேட்கப்போகிறான். கேட்டால் என்ன சொல்வது?

மார்ச் 9

நெல்லித்தோப்பிலிருந்து மூலக்குளம் வரை ஸ்கூட்டரில் பதில்களைத் தயார் செய்துகொண்டே போனேன். ஒன்றும் தேவைப்படவில்லை.

கண்ணைத் தவிர அவனிடம் பழையது எதுவும் மிச்சமில்லை. "என்னடா வெற்றி, தொப்ப போட்டுட்ட?" என்றான்.

மேனகா இட்லியைப் பிசைந்து கொண்டுவந்தாள். "வாந்தி வந்தாலும் பரவால்லங்க, இன்னும் ஒரு வாய்." அவன் வாயை இறுக மூடிக்கொண்டான். அவள் அழுதாள். தினமும் மூன்று வேளையும் இதுதானாம்.

அவள் உள்ளே போனதும் அவன் கன்னக்குழியை, தோளெலும்பைப் பார்த்தேன். தொழில் புத்தி.

"என்னப் பாக்காதடா. என் கத நாம எழுதின கததான். அவளப் பாரு."

பார்த்தேன். கையிலிருந்த தங்க வளையல் முழங்கை வரை ஓடித் திரும்புகிறது. ரவிக்கை தோளில் நிற்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவன் சாப்பிட்ட பிறகுதான் அவள் சாப்பிடுவாளாம். இப்போது அவன் சாப்பிடுவதே இல்லை.

"நீ சொல்லு. நான் சொன்னா அது வெறும் புருஷன் பேச்சு."

விருதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மார்ச் 10

இதுக்கா கூப்புட்டான்? செஞ்ச துரோகத்தப் பத்தி வாயே தொறக்கல — எனக்கு வேல சொல்றான்! போகமாட்டேன்.

மார்ச் 11

அந்த வளையல்.

மார்ச் 12

போனேன். சமையலறை வாசலில் நின்றபடியே சொன்னேன். "ஒன் சமையல்ல கொறையில்லம்மா. அவன் ஒடம்பு சோத்த ஏத்துக்காது. கேட்டா குடு, வேணாம்னா விட்டுடு. ஆனா ஒன் ஒடம்பு அப்படியில்ல. சாப்ட்டா தேறும்."

"அவரு வாயில ஒண்ணும் படாம எனக்கு எப்படிண்ணா எறங்கும்?"



அறைக்குள்ளிருந்து அவன் குரல் வந்தது. "மேனகா, கொஞ்சம் மோர் கொண்டா."

ஒரு கரண்டி. உதட்டை நனைத்துக்கொண்டான், அவ்வளவுதான். "நான் சாப்ட்டாச்சு. வெற்றி, நீதான் சாட்சி. சாப்ட்டனா இல்லியா?"

ஆய்வில் ஓர் அளவைக்கூட மாற்றி எழுதாதவன் நான். அதைச் சொல்லியே என்னைக் கேலி செய்தவன் அவன்.

"சாப்ட்டான்மா. நான் பாத்தேன்."

கட்டிலோரம் தட்டோடு உட்கார்ந்தாள். முதல் பிடி தொண்டையில் நின்று, பிறகு இறங்கியது. கொஞ்ச நேரத்தில் தானே இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றிக்கொண்டாள். அவன் கண்ணை எடுக்கவில்லை. அடுத்தவர் சாப்பிடுவதை இவ்வளவு பசியோடு ஒருவன் பார்த்து நான் கண்டதில்லை.

மார்ச் 20

மோர். நான் சாட்சி.

ஏப்ரல் 2

இன்று மோரும் இறங்கவில்லை. ஈரத்துணியால் உதட்டைத் துடைத்தேன். "சாப்ட்டான்மா" என்றேன். அவளுக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். தட்டை எடுத்துவந்து உட்கார்ந்தாள்.

ஏப்ரல் 7

போய்விட்டான். கடைசிவரை மன்னிப்புக் கேட்கவில்லை.

ஜூன் 16

மூலக்குளம் போனேன். அந்த விருது இன்னும் கூடத்து அலமாரியில்தான் இருக்கிறது. பார்த்தால் இன்னும் எரிகிறது. எரியட்டும்.

வீடெங்கும் மீன்குழம்பு வாசனை. "வஞ்சிரம்ண்ணா. தடைக்காலம் முடிஞ்சு வந்த மொத மீனு. கை கழுவிட்டு வாங்க."

ஒரே ஒரு தட்டு வைத்தாள். "நீ?" என்றேன்.

"நான் அப்பவே சாப்ட்டுட்டேன்ண்ணா." கொஞ்சம் கூச்சப்பட்டாள். "பசி தாங்கல."

குனிந்து குழம்பு ஊற்றினாள். வளையல் மணிக்கட்டிலேயே நின்றது.