காசநோய் இல்லை, கல்தூசி

மூச்சுக்கு அலைந்து ஓய்ந்துபோன என் மாமாவுக்கு,

உங்கள் வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது. ஜெயித்துவிட்டோம் என்று வக்கீல் சொன்னார். சந்தோஷப்பட வேண்டும் என்று எனக்கும் தெரிகிறது. ஆனால் சேலத்தில் ரயில் ஏறியதிலிருந்து மொரப்பூர் வரும்வரை அத்தையும் நானும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. இறங்கியதும் அத்தை, "மாட்டுக்குத் தண்ணி வெக்கணும்" என்றார்கள். அவ்வளவுதான்.

எங்கிருந்து தொடங்கட்டும்? உங்களுக்குத் தெரிந்தது காசநோய் வரைக்கும்தானே. வெள்ளைக்கல்லை அரைத்து மாவாக்கும் அந்த மில்லில் நீங்கள் சேர்ந்தபோது நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த புதிது. மழை இல்லை, சோளம் கருகிவிட்டது, போனீர்கள். சாயங்காலம் திரும்பும்போது புருவமும் காது மடலும் வெள்ளையாக இருக்கும். அப்புறம் இருமல். டவுன் ஆஸ்பத்திரியில் டி.பி. என்றார்கள். சளிப் பரிசோதனையில் ஒருமுறைகூடக் கிருமி தெரியவில்லை. அப்படியும் ஊசி போட்டுக்கொண்டே இருந்தார்கள்.

உங்கள் பேத்தி ஓடி வந்தால், "கிட்ட வராத கண்ணு, தாத்தனுக்கு ஒட்டிக்கிற நோவு" என்று நீங்களே தள்ளி உட்கார்ந்துகொள்வீர்கள். அது ஒட்டிக்கொள்கிற நோவே இல்லை, மாமா.

கடைசியாக உங்களைச் சேர்த்திருந்தபோது புதிதாக வந்த ஒரு டாக்டர்தான், "இவரு என்னம்மா வேலை பார்த்தாரு?" என்று கேட்டார். அதுவரை அதை யாரும் கேட்டதில்லை. நான் சொன்னேன். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"இது டி.பி. இல்லம்மா. கல்தூசி நுரையீரல்ல போயி உறைஞ்சிருக்கு. சிலிக்கோசிஸ்னு பேரு. இதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. ஆனா வேலையால வந்த நோய். முதலாளி நஷ்டஈடு குடுத்தாகணும்னு சட்டம் இருக்கு."

உங்களுக்குச் சொல்லலாம் என்று வந்தேன். நீங்கள் கண் திறக்கவே இல்லை. மறுநாள் போய்விட்டீர்கள்.

ஊரில் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டிவிட்டார்கள். பங்குச் சாமியாருக்கும் சொல்லியாயிற்று. அந்த நேரத்தில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். வெறும் எக்ஸ்ரேயை வைத்து வழக்குப் போட்டால் டி.பி. என்றுதான் முதலாளி தரப்பு சாதிக்கும், போஸ்ட்மார்ட்டம் செய்தால் மறுக்க முடியாது என்றார். உங்கள் மகனிடம் சொன்னேன்.

"எங்கப்பன அறுத்து, துணியில சுத்தி வாங்கிட்டுப் போவச் சொல்றியா? சனங்க முன்னால எப்பிடி நிப்பேன்?" என்று கத்தினார். அவரைக் குற்றம் சொல்ல முடியுமா?

சுவரோரம் உட்கார்ந்திருந்த அத்தைதான் எழுந்து வந்தார்கள். "நெஞ்சு நெஞ்சுன்னு எத்தினி வருசம் துடிச்சாரு. அந்த நெஞ்சுக்குள்ள என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியோணும். பாக்கச் சொல்லுங்க டாக்டரு" என்று கைநாட்டு வைக்கக் கட்டைவிரலை நீட்டினார்கள்.

ஒன்று சொல்கிறேன், அத்தைக்கு இன்றுவரை தெரியாது. நுரையீரலில் கத்தி பட்டபோது மணலை அறுப்பதுபோல் கறகறவென்று சத்தம் வந்ததாம். டாக்டர் சொன்னார். அதைக் கேட்ட பிறகு சமயத்தில் எனக்கே மூச்சு முட்டுகிறது.

அப்புறம் வாய்தா, வாய்தா, வாய்தா. வழக்கை விசாரிக்கிற அதிகாரி லீவு, எதிர்தரப்பு வக்கீலுக்கு உடம்பு சரியில்லை. உங்களை அந்த மில்லில் பார்த்ததே இல்லை என்று மேஸ்திரி சத்தியம் செய்தார். பீடி குடித்துக் கெட்ட நெஞ்சு என்றார் அவர்கள் வக்கீல். உங்களோடு சாக்குப் பிடித்த முனியம்மா வந்து, "தூசில ஆள் மூஞ்சி தெரியாதுங்க. அவரு இருமற சத்தத்த வெச்சுத்தான் எந்தப் பக்கம் நிக்கறாருன்னு கண்டுக்குவேன்" என்று சாட்சி சொன்னது. சொல்லி முடிப்பதற்குள் அதற்கே இருமல் வந்துவிட்டது.

கல்தூசியால்தான் இறந்தீர்கள் என்று தீர்ப்பில் எழுதியிருக்கிறது. ஆனால் முதலாளி மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்கு அப்பீல் போகிறாராம். "போபால்லயே இன்னும் அலையறாங்கம்மா, நாம எம்மாத்திரம்?" என்கிறார் நம் வக்கீல். உங்கள் மகன் கேட்டுவிட்டு வயலுக்குப் போய்விட்டார். இன்னும் எத்தனை தடவை ரயில் ஏற வேண்டுமோ?

இன்னொரு சேதி. இங்கே மில்லை மூடிவிட்டார்கள். அதே மிஷினை மாரண்டஹள்ளிப் பக்கம் கொண்டுபோய், மச்சான் பேரில் ஓட்டுகிறாராம் முதலாளி. வேலைக்குச் சேர்ந்திருப்பது எல்லாம் சின்ன வயசுப் பெண்கள் என்று முனியம்மா சொன்னது.

எனக்கு உடம்பு அசந்துபோய்விட்டது, மாமா. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் முனியம்மாவைக் கூட்டிக்கொண்டு மாரண்டஹள்ளிக்கு பஸ் ஏறுவேன். அந்தப் பெண்கள் வேலை விட்டு வரும் பாதையில் நிற்பேன். இருமல் வந்தால் டாக்டர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள், "கல்லு அரைக்கிற வேலைங்க" என்று நீங்களே முதலில் சொல்லுங்கள் என்பேன். கேட்காவிட்டால் மறு வாரமும் போவேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்களை அப்பா என்று ஒருமுறையாவது கூப்பிட்டிருக்கலாம் என்று நினைக்கும்,
உங்கள் வீட்டு மருமகள்
ரெஜினா