வேலில் கட்டிய பிராது

விருத்தாசலம்,
27.02.2022, ஞாயிறு.

அன்புத் தம்பி கொளஞ்சிநாதனுக்கு,

உன் அக்கா வேம்பு எழுதுவது. நானும் உன் மாமாவும் காவியாவும் சுகம். உன் சுகத்தைக் கேட்கலாம் என்றால் நீதான் ஒன்பது மாதமாக என் போனை எடுப்பதில்லையே. மாமாவுக்கு மட்டும் மாதம் ஒரு தடவை ‘நல்லா இருக்கேன்’ என்று இரண்டு சொல். அதனால்தான் உன் கூட்டாளி நிலவனிடம் விலாசம் வாங்கி எழுதுகிறேன். போனைக் கட் பண்ணலாம், கடுதாசியைக் கட் பண்ண முடியாது பார்.

நேற்று தபாலாபீசில் ருமேனியாவுக்குக் கடிதம் போகுமா என்று விசாரித்தேன். அங்கிருந்த பெண், “அது எங்கக்கா இருக்குது?” என்றாள். “டி.வி.யில மூணு நாளா குண்டு போடுறாங்களே, அதுக்குப் பக்கத்து வூடு. அங்கதான் என் தம்பி ரொட்டிக் கம்பெனியில இருக்கான்” என்றேன்.

ஊரில் கொரோனாப் பேச்சு அப்படியே அற்றுப்போனது. மாசி மகத்துக்கு மணிமுத்தாற்றில் கால் வைக்க இடமில்லை. முகக்கவசமெல்லாம் தாடையில் தொங்கியது. மாணிக்கவேல் டீக்கடையில் இப்போது சண்டைப் பேச்சுதான். ஒருத்தர், ரஷ்யாக்காரன் நமக்கு ஆபத்துக்கு உதவினவன், குறை சொல்லாதே என்கிறார். இன்னொருத்தர், பெரியவன் சின்னவனை அடித்தால் அதற்குப் பேர் என்ன என்று கேட்கிறார். மாணிக்கவேல், “யாரு ஜெயிச்சா என்னய்யா, எண்ணெய் விலைய ஏத்திப்புடாதீங்கன்னு ரெண்டு பேருக்கும் சொல்லுங்க” என்று பஜ்ஜியைத் திருப்புகிறார். எங்கள் செராமிக் கம்பெனியில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஃபியூஸ் கட்டைக்குப் பிசிறு சீவும் பாஞ்சாலை, “கொரோனாவுக்கு ரெண்டு ஊசி போட்டாச்சு, குண்டுக்கு எத்தினி ஊசின்னு உன் தம்பியக் கேட்டுச் சொல்லுடி” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

போன வருஷம் மே மாதம் அப்பா கொரோனாவில் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஒன்பது நாளும் உன்னைக் கூப்பிட்டேன். விமானம் இல்லை என்றாய். அவர் போன அன்றைக்கு ஆத்திரத்தில் உன்னைப் ‘பயந்தாங்கொள்ளி’ என்று கத்தினேன். அதோடு என்னிடம் பேச்சை நிறுத்தினாய். போகட்டும். இப்போது கூப்பிடுகிறேன், வந்துவிடு. காவியாவுக்கு ஆகஸ்டில் மூன்று முடிகிறது, இன்னும் காது குத்தவில்லை. முதல் வருஷம் ஊரடங்கு, அடுத்த வருஷம் அப்பா. தாய்மாமன் ஒருத்தன் இருக்கும்போது நான் பிள்ளையை யார் மடியில் உட்கார வைப்பேன்?

பதில் போடு.

உன் அக்கா,
வேம்பு


சுச்சாவா, ருமேனியா,
18.03.2022.

அன்புள்ள அக்காவுக்கு,

கொளஞ்சி எழுதுவது. உன் கடிதம் நேற்று வந்தது. மூன்று வாரத்துக்கு முந்தைய உன் கவலையை இப்போது படிப்பது, எப்போதோ அணைந்த சூளைமேல் கை வைத்துப் பார்ப்பதுபோல் இருந்தது. உள்ளே இன்னும் சூடு இருந்தது.

இங்கே பனி விடவில்லை. காலையில் ஜன்னலைத் திறந்தால் ஊரே இல்லை, வெள்ளைதான். எல்லை இங்கிருந்து, நம் ஊருக்குச் சிதம்பரம் எவ்வளவோ அவ்வளவு தூரம். குண்டுச் சத்தமெல்லாம் கேட்காது.

அடுப்பில் என்னோடு நிற்கும் யோன், முதல் நாள், ஒரு வாரத்தில் முடிந்துவிடும் என்றான். இரண்டாம் வாரம் பெட்டி கட்டி வைத்திருப்பதாகச் சொன்னான். இப்போது பெட்ரோல் விலையைப் பற்றி மட்டும் பேசுகிறான். வீட்டுக்காரர் உப்பும் எண்ணெயும் வாங்கி அடுக்கிவிட்டு, “வியாதிக்கு வாங்கின முகமூடிப் பெட்டி நாலு மிச்சம் இருக்கிறது, இதற்கு உதவாதே” என்று வருத்தப்பட்டார். போன வாரம் அரசாங்கம் முகக்கவசம் இனி வேண்டாம் என்றது. யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. இரண்டு வருஷம் கண்ணை மட்டும் பார்த்துப் பழகியவர்களுக்குத் திடீரென்று மூக்கும் வாயும் வந்திருக்கின்றன. கனவில் வருகிறவர்களைப்போல் பாதி தெரிந்தவர்களாகவும் பாதி புதியவர்களாகவும் நடமாடுகிறார்கள்.

நான் தினமும் ரொட்டி வண்டியோடு எல்லைக்குப் போகிறேன். பனிக்குள்ளிருந்து பெண்களும் பிள்ளைகளுமாக வந்துகொண்டே இருக்கிறார்கள். ஒருத்தி கோட்டுக்குள் பூனையை வைத்திருந்தாள், தலை மட்டும் வெளியே தெரிந்தது. சூடு ரொட்டியைக் கையில் கொடுத்தால் உடனே தின்பதில்லை. கொஞ்ச நேரம் கன்னத்தில் வைத்துக்கொள்கிறார்கள்.

என் உடம்பெல்லாம் மாவு. ஊரில் அப்பாவோடு சூளை வேலை பார்த்தபோது பீங்கான் மண் ஒட்டியிருக்குமே, அதே வெள்ளை. கண்ணாடியைப் பார்த்தால் அப்பா நிற்கிறார். இரண்டு தடவை ‘என்னப்பா’ என்று கேட்டும்விட்டேன்.

எனக்குப் பயமில்லை. இதை நீ எழுதி வைத்துக்கொள். காவியாவை வேறு யார் மடியிலாவது வைத்துக் காது குத்திவிடு. மாமாவுக்கு வணக்கம்.

இப்படிக்கு,
கொளஞ்சி


விருத்தாசலம்,
10.04.2022, ஞாயிறு.

அன்புத் தம்பிக்கு,

‘எனக்குப் பயமில்லை’ என்று எதற்கடா எழுதினாய்? யார் கேட்டது? அக்கா ஒரு சொல் சொன்னாள் என்று சண்டை வாசலில் போய் நின்றுகொண்டு ரோஷம் காட்டுகிறாயா? அந்தச் சொல்லை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். போதுமா? வா.

வேறு ஒன்றும் சொல்ல வேண்டும். நாலரை மாதமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறேன், உன் மாமாவிடம்கூட.

போன கார்த்திகையில் ஊரெல்லாம் மழை வெள்ளம். நவம்பர் இருபத்துநாலாம் தேதி ஒரு நாள் மழை வெறித்தது. நான் பஸ் ஏறி மணவாளநல்லூர் போனேன், கொளஞ்சியப்பர் கோயிலுக்கு. உன்மேல் பிராது கட்டினேன். ஆமாம், எந்தச் சாமி பேரை உனக்கு வைத்தார்களோ அந்தச் சாமியிடமே. சீட்டு எழுதித் தருகிறவர், “எதிராளி எவ்வளவு தூரத்துல இருக்காருங்க?” என்றார். “கடல் தாண்டி” என்றேன். “அதனால என்ன, சாமிக்குத் தூரமா?” என்றார். அப்பன் சாவுக்குக்கூட வராமல் பயந்து கிடந்தானே, பயம்னா என்னன்னு அவனுக்கு நீயே காட்டு என்று எழுதச் சொல்லி, சீட்டைச் சுருட்டி, அந்தக் கோயில் முனியப்பர் முன்னால் இருக்கிற வேலில் என் கையால் கட்டினேன். அன்றைக்கு எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

மூன்று மாதத்தில் சாமி பதில் சொல்லும் என்பார்கள். பிப்ரவரி இருபத்துநாலாம் தேதி டி.வி.யைப் போட்டால் உன் பக்கத்து வீட்டில் குண்டு விழுகிறது. விரல் விட்டு எண்ணினேன். நாள் தப்பவில்லை.

நீ சிரிப்பாய். படித்தவன், சிரி. இங்கே சூரியகாந்தி எண்ணெய் விலை ஏறினதற்கும், கேஸ் விலை ஏறி எங்கள் முதலாளி வாரம் மூன்று தடவை போட்ட சூளையை ஒரு தடவையாக்கினதற்கும் ஆளுக்கு ஒரு காரணம் சொல்கிறார்கள். எனக்கு மட்டும் அந்தச் சீட்டுத்தான் ஞாபகம். ஒரு கனவு திரும்பத் திரும்ப வருகிறது. மணிமுத்தாற்று மணலில் பனி பெய்கிறது. நீ சின்னப் பையனாக, சட்டையில்லாமல் அக்கரையில் நிற்கிறாய். நான் கூப்பிடுகிறேன். வாயிலிருந்து சத்தம் வரவில்லை, வெள்ளையாகப் பொடி கொட்டுகிறது.

பங்குனி உத்திரத்துக்கு இரண்டு வருஷம் கழித்துக் காவடி வந்தது, நல்ல கூட்டம். மறுநாள் பிராதைத் திரும்ப வாங்கப் போனேன். பிராது தீர்ந்தால் கட்டினவர்களே போய் ராஜினாமா எழுதிக் கொடுக்க வேண்டும், உனக்குத் தெரியாததா? அந்த ஆள், “தீந்துச்சாம்மா?” என்று கேட்டார். தீர்ந்தது என்று சாமி முன்னால் எப்படிப் பொய் சொல்வேன்? அப்படியே திரும்பி வந்துவிட்டேன். சீட்டு இன்னும் வேலில்தான் இருக்கிறது. நீ வந்தால்தான் எனக்கு அது தீரும்.

உன் பாவி அக்கா,
வேம்பு


சுச்சாவா,
02.05.2022.

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை அடுப்புப் பக்கத்தில் நின்று படித்தேன். முதலில் சிரித்தேன், அது உண்மைதான். இத்தனை பெரிய சண்டையை மணவாளநல்லூரிலிருந்து மூட்டிவிட்டது என் அக்கா என்று யோனிடம் சொல்ல வாயெடுத்துவிட்டு அடக்கிக்கொண்டேன். நீயும் எண்ணெய் விஷயத்தை மாணிக்கவேலிடம் ஒப்புக்கொண்டு வைக்காதே, பஜ்ஜி சட்டியோடு வந்துவிடுவார்.

பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஏனென்று சொல்கிறேன்.

பனி போய்விட்டது. எல்லைப் பக்கம் ஆப்பிள் மரங்கள் பூத்துக் கிடக்கின்றன. போன மாதம் அங்கே கூடாரத்தில் வருகிற பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் ரொட்டித் தட்டை வைத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒரு தாய், கையில் கைக்குழந்தை. கூட மூன்று வயதுப் பெண் பிள்ளை, ஊசியைப் பார்த்ததும் உடம்பை விறைத்துக்கொண்டு கத்துகிறது. அந்தத் தாய் சுற்றும் பார்த்தாள். யாரும் இல்லை. பிள்ளையைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டாள். கேட்கவில்லை, கொள்ளவில்லை, வைத்துவிட்டாள்.

பிள்ளையின் பேரைச் சொன்னாள், என் வாயில் நுழையவில்லை. காது குத்தும்போது மாமன் பிடிப்பதுபோல் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்து, “ஒண்ணுமில்ல கண்ணு, ஒண்ணுமில்ல, எறும்புதான் கடிக்குது” என்றேன். தமிழைக் கேட்டதும் பிள்ளை அழுகையை மறந்து என் வாயையே பார்த்தது. அதற்குள் ஊசி முடிந்தது. இறங்கிப் போகவில்லை. மாவு படிந்த என் சட்டையில் முகத்தை வைத்துத் தூங்கிவிட்டது. அரை மணி நேரம் அசையாமல் இருந்தேன். கால் மரத்துப்போனது. அந்த அரை மணி நேரமும் எனக்குப் பயமாக இருந்தது அக்கா. பிள்ளைக்காக, அதன் தாய்க்காக, எனக்காக. ‘பயமில்லை’ என்று உனக்கு எழுதியது சுத்தப் பொய். சண்டை தொடங்கின முதல் மாதம் முழுக்க, நீ சொன்ன சொல்லுக்காகத்தான் இங்கே பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

இன்னொரு பொய்யும் இருக்கிறது. போன மே மாதம் விமானம் இருந்தது. ஜெர்மனி வழியாக. அப்பா படுத்த மூன்றாம் நாள் டிக்கெட்டைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டேன், பணமும் இருந்தது. அப்போது டி.வி.யில் நம் நாட்டு ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ் வரிசையைக் காட்டினார்கள். கைபேசியை மூடி வைத்துவிட்டேன். உனக்கு, விமானம் இல்லை என்றேன். நீ சொன்ன சொல்லில் எனக்குக் கோபம் வந்ததே அது சரியான சொல் என்பதால்தான்.

இதைப் போனில் சொல்லலாம்தான். உன் குரலைக் கேட்டால் பாதியில் பொய்க்குத் தாவிவிடுவேன்.

ஆகையால் ராஜினாமா கொடுக்காதே. நீ எழுதியதில் தப்பு இல்லை. ஜூன் கடைசியில் லீவு தருகிறேன் என்கிறார்கள். வரலாமா என்று எனக்குத் தெரியவில்லை. அப்பனை ஆஸ்பத்திரியில் விட்டவன் மடியில் உன் பிள்ளையை வைப்பாயா? நீ வேண்டாம் என்றால் வர மாட்டேன்.

உன் தம்பி,
கொளஞ்சி


விருத்தாசலம்,
22.05.2022, ஞாயிறு.

அன்புத் தம்பி கொளஞ்சிக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. அன்றைக்கு முழுக்கக் கோபம்தான். அப்பா கதவைப் பார்த்துக்கொண்டே கிடந்தது கண்ணில் வந்தது. சோற்றில் கை வைக்க முடியவில்லை. உன் மாமா கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, “அவன் சொல்லிட்டான். நீ சொன்னியா?” என்றார். எதைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும், ஆஸ்பத்திரியில் வைத்து அவரிடம் மட்டும் சொன்னது. உனக்குத் தெரியாது.

அப்பாவுக்குப் பக்கத்துப் படுக்கையில் கம்மாபுரத்துக்காரர் ஒருவர் இருந்தார். அவர் மகன் துபாயிலிருந்து எப்படியோ வந்து சேர்ந்தான். உன் வயசு. தினமும் உள்ளே போய் அப்பனுக்குக் கஞ்சி ஊற்றினான். ஆறாம் நாள் அவனுக்கே மூச்சு வாங்கியது. அப்பன் பிழைத்து வீட்டுக்குப் போனார், மகன் போகவில்லை. அவன் பெண்டாட்டி தரையில் புரண்டதை நான் இந்தக் கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டு வெளியே வந்து, மரத்தடியில் நின்று, நல்லவேளை நம்ம கொளஞ்சி வரல என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். அப்பா போனதும் அதை மறைத்துக்கொண்டு உன்னைத் திட்டினேன், பிராது கட்டினேன். விமானம் இருந்ததோ இல்லையோ, நீ வராததற்குச் சந்தோஷப்பட்டவள் நான். அப்படியென்றால் என் பிராதும் பொய்தானே?

நேற்று கோயிலுக்குப் போனேன். அதே ஆள்தான். முகக்கவசம் இல்லாமல் இப்போதுதான் அவர் முகத்தைப் பார்க்கிறேன், பெரிய மீசை வைத்திருக்கிறார். “தீந்துச்சாம்மா?” என்றார். “தீந்துச்சுங்க” என்றேன். “எதிராளி ஒத்துக்கிட்டாரா?” “ஒத்துக்கிட்டான். நானும் ஒத்துக்கிட்டேன்” என்றேன். அதை எங்கே எழுதுவது என்று தெரியாமல் கொஞ்சம் முழித்தார். ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டேன். நீ வேண்டாம் என்றாய், கேட்கவில்லை. அக்காள் எப்போது உன் பேச்சைக் கேட்டிருக்கிறாள்?

சண்டை நிற்கவில்லை. டீக்கடையில் அதைப் பேசுவதுதான் நின்றுவிட்டது, இப்போது வெயிலைப் பற்றிப் பேசுகிறார்கள். பாஞ்சாலை மட்டும், அந்த ஊசி போட்ட பிள்ளை என்ன ஆச்சு என்று தினமும் கேட்கிறாள். அதற்குப் பதில் எழுது, தெரிந்தால். மாமன் மடி முதலில் அதற்குப் போய்விட்டதே என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். பிறகு நினைத்துப் பார்த்தேன், மடி தேயவா போகிறது?

ஆனி பதினேழு, வெள்ளிக்கிழமை, ஜூலை ஒன்று. கொளஞ்சியப்பர் கோயிலில் காவியாவுக்குக் காது குத்து. ஆசாரியிடம் சொல்லியாகிவிட்டது. “மாமா வருவாங்களா?” என்று அவள் கேட்கிறாள், வருவார் என்று சொல்லி வைத்திருக்கிறேன். எனக்குச் சீரும் வேண்டாம், தோடும் வேண்டாம். வரும் வழியெல்லாம் உனக்குப் பயமாகத்தான் இருக்கும், அப்பா இல்லாத வீட்டுப் படி ஏற இன்னும் பயமாக இருக்கும். எனக்கும் உன்னைப் பார்க்கப் பயம்தான்.

பரவாயில்லை. பயந்துகொண்டே வா.

உன் அக்கா,
வேம்பு