பால் கொடுக்கும் நேரம்

செவ்வாய்க்கிழமை. மழை விட்டுவிட்டது.

பன்வில பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். கொழுந்தெடுக்கும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராவில், தாய்ப்பாலுக்குப் பதிலாகக் கரைத்துக் கொடுக்கும் எங்கள் கம்பெனியின் பால்மா பக்கெட்டுகளை இலவசமாகக் கொடுத்தேன். நானும் தோட்டத்துப் பிள்ளை என்பதால்தான் அந்த வெளிநாட்டுக் கம்பெனி என்னை வேலைக்கு எடுத்தது. நான் சொன்னால் நம்புவார்களாம்.

பத்து மணிக்கு, தன் குழந்தைக்குப் பால் கொடுக்க, கொழுந்தெடுக்கும் மலையிலிருந்து இறங்கி வந்தாள் செல்வி என்ற தாய்.

"இனி இதுக்காக நீங்க எறங்கி வரத் தேவையில்ல" என்றேன்.

அவள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டே கேட்டாள்: "இத கங்காணிகிட்டயும் சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன். ரொம்ப நல்லதுன்னாரு."

"அவருக்கு நல்லதுதான். காலையிலேருந்து நான் உக்காருறது இந்த ஒரு நேரந்தான் அக்கா."

கோபமாகச் சொல்லவில்லை. குழந்தை குடித்துத் தூங்கிய பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை.

தாய்மாருக்கு நேரம் மிச்சம் என்று அறிக்கையில் எழுதி அனுப்பினேன். கம்பெனி மேனேஜர் கட்டைவிரல் படம் போட்டிருக்கிறார்.

நாளை அவளை இறங்க விடுவார்களோ என்னவோ. காலையில் கங்காணிக்குப் போன் எடுக்க வேண்டும். எடுத்து என்ன சொல்வது? எங்கள் பால்மா வேண்டாம் என்றா?