செவப்புக் கொட ஸ்டாப்பிங்

அக்கா,

நேற்று புது பஸ்ஸில் ஏறும்போது விழப் பார்த்தேன். நம் பக்கம் இப்போது ஓடுகிற கரண்ட் பஸ்ஸுக்குப் படியே இல்லை. கதவு தானாகத் திறக்கிறது, வீட்டுக்குள் நுழைவது போல நடந்து போகலாம். நானோ பழக்கதோஷத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை முழங்கால் உயரத்துக்குத் தூக்கிவிட்டேன். தூக்கிய கால் படியைத் தேடித் தடுமாறியது. உள்ளே இருந்த ஒரு கல்லூரிப் பெண், "படி இல்லம்மா, சும்மா நடந்து வாங்க" என்று சிரித்தாள். எனக்குக் கோபம் வரவில்லை. அந்தக் காலைப் பழக்கியவள் நீ.

வாய்க்கால் ஓரக் குடிசைகளைக் காலி செய்து, நம்மை முதலியார்பேட்டையும் தாண்டி அந்த மாடி வீடுகளில் கொண்டுவந்து வைத்தார்களே, நினைவிருக்கிறதா? வீடு நல்ல வீடுதான். கூரை ஒழுகவில்லை, கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்தது. வேலைதான் டவுனில் இருந்தது. முன்பு நடந்தே போனவர்கள் இப்போது பஸ்ஸை நம்பி நிற்க வேண்டியதாயிற்று. பஸ் நமக்கு நிற்காது. கடலூர் பக்கமிருந்து நிறைந்து வந்து, நம்மைக் கண்டதும் இன்னும் வேகமெடுத்துப் போகும். நேரத்துக்குப் போக முடியாமல், பக்கத்து வீட்டுச் சரசு வேலை செய்த வீட்டில் வேறு ஆள் வைத்துவிட்டார்கள். சட்டைக்குக் காஜா எடுக்கும் என் வேலையும் ஊசலாடிக்கொண்டிருந்தது. உனக்கு, நீ வேலை செய்த வீட்டு எஜமானி, உன் மதாம், ஒரு கையால் சிவப்புக் குடையைக் கொடுத்துவிட்டு, "இன்னொரு தபா லேட்டா வந்தா வேற ஆள பாத்துக்குவேன்" என்றும் சொல்லிவிட்டாள்.

வெயிலுக்குக் குடை, வயிற்றுக்கு இடி என்று நான் எரிந்து விழுந்தேன். நீ குடையை விரித்துப் பார்த்து, "நல்ல செவப்புடி. தூரத்துலயே தெரியும்" என்றாய். அப்போது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மறியல் செய்யலாம் என்றுதான் எல்லோரும் குதித்தோம். நீ மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "மறியல் பண்ணா அன்னிக்கி நிப்பான். மறுநாளு?" என்றாய். ரயில் கேட் போட்டு பஸ் நின்றிருந்த ஒரு காலையில், நேராக டிரைவரின் ஜன்னலுக்குப் போய், ஏன் நிற்பதில்லை என்று கேட்டாய். அவரும் மனிதர்தான், உள்ளதைச் சொன்னார்.

"உங்காளுங்க பைய வெச்சி, பொடவைய தூக்கி, ஒவ்வொருத்தரா ஏறி முடிக்கறதுக்குள்ள பின்னாடி வர்றவன் என்னைத் தாண்டிப் போய்டறான்மா. டைமிங் போச்சின்னா மொதலாளி என்னையே எறக்கி உட்ருவாரு."

"ஒரே ஒரு தபா நிறுத்துண்ணே. விசில் சத்தம் அடங்கறதுக்குள்ள ஏறலன்னா, அப்பறம் நாங்க கேக்கவே மாட்டோம்."

அவர் சிரித்துக்கொண்டே, "வர்ற திங்கக்கிழம பாக்கலாம்" என்றார். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். விசில் சத்தம் அடங்குவதற்குள் சரசுவுக்கு மூச்சுகூட வாங்கி முடியாதே!

அன்று மாலையே பஸ் ஸ்டாண்டில் நின்ற ஒரு பஸ்ஸின் படியை உன் முழங்காலில் அளந்துகொண்டு வந்தாய். நம் பிளாக்குக்குப் பின்னால் இருந்த தண்ணீர்த் தொட்டி மேடை கிட்டத்தட்ட அதே உயரம். அங்கேதான் பாடம் தொடங்கியது. "கம்பி! காலு! உள்ள!" என்று நீ கத்துவாய், நாங்கள் வரிசையாக ஏறுவோம். கம்பிக்குப் பதில் தொட்டிக் குழாய். பைகளைக் கடைசியில் நிற்பவள் மொத்தமாக வாங்கித் தள்ள வேண்டும். முட்டி வலிக்காரி சரசுவை நடுவில் நிறுத்தினாய், முன்னால் இருப்பவள் இழுக்க, பின்னால் இருப்பவள் தூக்க. வேடிக்கை பார்த்த ஆண்கள், "எந்த ஊரு சர்க்கஸு?" என்றார்கள். "டிக்கெட் வாங்கிகினு பாரு" என்றாய் நீ. சிரித்துச் சிரித்து எங்களுக்குத்தான் மூச்சு வாங்கியது. நீ சிரிக்கவே இல்லை.

அந்தத் திங்கட்கிழமை வெயிலும் இல்லை, மழையும் இல்லை. நீ ரோட்டோரம் முதல் ஆளாக நின்று குடையை விரித்துத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தாய். பஸ் வேகம் குறைந்தது. நின்றது. கம்பி, காலு, உள்ள. எப்படி ஏறினேன் என்று எனக்கே தெரியாது. பின்பக்கக் கண்டக்டர் விசிலை ஊதிவிட்டு, அது வாயில் இருக்கும்போதே எட்டிப் பார்த்தார். ரோட்டில் ஒருவரும் இல்லை. "எங்கப்பா போனாங்க எல்லாரும்?" என்று கீழே தேடினாரே! உள்ளே இருந்து சரசுதான், "இங்க இருக்கோம் சாமி" என்றாள். டிரைவர் கண்ணாடியில் உன்னைப் பார்த்துத் தலைக்கு மேல் கையெடுத்துக் கும்பிட்டார்.

போர்டு இல்லை, நிழற்குடை இல்லை, ஆபீசில் யாரும் கையெழுத்துப் போடவில்லை. வெறும் ரோட்டோரத்தில் ஒரு ஸ்டாப்பிங்கை உண்டாக்கிவிட்டாய். மறுநாள் முதல் சிவப்பைக் கண்டால் அந்த பஸ் நின்றது. பின்னால் வந்தவனும் விடுவானா, அவனும் நின்றான். சரசு வேறொரு வீட்டில் வேலைக்குச் சேர்ந்தாள். அவரவர் வேலை அவரவரிடம் தங்கியது.

பிரெஞ்சில் தெருவுக்கு 'ரூ' என்று போட்டு ஏதோ ஒரு துரையின் பெயரை எழுதிய, மதாம் வீட்டுத் தெருப் பலகையைக் காட்டி நீ என்னிடம் கேட்பாயே, "ரூ ரூன்னு எழுதி வெச்சிருக்கானே, யாருடி இந்த தொர? இன்னா பண்ணான்?" எனக்குத் தெரியாது. மதாமுக்கும் தெரியாதாம். "ஒருத்தருக்கும் தெரியாது, ஆனா எல்லாரும் சொல்றாங்க பாரு" என்று அதிசயப்படுவாய்.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தவள் நீ எழுந்திருக்கவே இல்லை. பஸ்ஸை நிறுத்தத் தெரிந்த உனக்கு இதை நிறுத்தத் தெரியவில்லையே என்று உன் மேல்தான் கோபப்பட்டு அழுதேன்.

நேற்று நம் இடம் வந்ததும் கண்டக்டர் பையன், "செவப்புக் கொட எறங்கு! செவப்புக் கொட!" என்று குரல் கொடுத்தான். என்னைப் பார்த்துச் சிரித்த பெண் ஜன்னல் வழியே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேடினாள்.

"இங்க எங்கண்ணா கொட இருக்கு?"

"தெரியலம்மா. எல்லாரும் அப்டித்தான் சொல்றாங்க."

நான் இறங்குவதற்குக் கம்பியைப் பிடித்திருந்தேன். திரும்பி அவளிடம் சொல்லிவிட்டேன்.

"கொட இல்லம்மா. எங்கக்கா."